மொட்டை மாடியில கறி சுடுற விருந்து: கடையில எதை வாங்கலாம், எதை வாங்க வேணாம் (அடிக்கடி கேக்குற கேள்விகள்)

சித்திரை பொறந்து பசங்களுக்கு லீவு விட்டதும் கடலூர்ல மஞ்சக்குப்பத்துல இருந்தும் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்தும், அந்தப் பக்கம் பாண்டில லாஸ்பேட்டை முத்தியால்பேட்டைல இருந்தும் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாரும் வருஷா வருஷம் இதே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. மேல சொன்னத கீழ திரும்ப சொல்லல, அதனால முதல்ல இருந்து ஒரு தடவ படிச்சிடுங்க.

அக்கா, பத்து பேருக்கு செய்யணும்னா எவ்ளோ ஆகும்? கையக் கடிக்குமா?

கடிக்காது. பத்து பேருக்கு ரெண்டு கிலோ சிக்கன், அரை கிலோ பன்னீர், ரெண்டு பாக்கெட் காளான், ஆளுக்கொரு சோளம், இருபத்தஞ்சு பரோட்டா, ரெண்டரை கிலோ கரி, தயிரு, வெங்காயம், மசாலா பாக்கெட், ஒரு தர்பூசணி, குடிக்க ஏதாவது, இவ்ளோதான் லிஸ்ட். நான் எழுதுற நேரத்து விலைக்கு தலைக்கு 200ல இருந்து 250 ரூபாய்க்குள்ள வந்துடும், சிக்கன் விலை ஏறுனா கொஞ்சம் கூடும். இதே பத்து பேர் ஓட்டல்ல போய் கிரில் சிக்கன், நாண், ஜூஸ்னு சாப்பிட்டா பில்லு எவ்ளோ வரும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

செலவு எகிறுறது சாப்பாட்டுல இல்ல, தேவையில்லாத சாமான்ல. புதுசா கிரில் அடுப்பு, ஒரே ஒரு தடவ தொட்டுட்டு ஃப்ரிட்ஜ் கதவுலயே கெடக்குற நாலு வகை சாஸ் பாட்டில், யாரும் தொடாத ரெண்டு மூணு கூட்டு. இத தவிர்த்தாலே பாதி காசு மிச்சம்.

எல்லாத்தையும் ரெடிமேடா வாங்கிட்டா வர்றவங்க என்ன நெனப்பாங்க?

ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. அவங்க வர்றது உங்க வீட்டு மாடியில உக்காந்து கடல்காத்து வாங்கிக்கிட்டே சுடச்சுட சாப்பிடுறதுக்கு, பரோட்டாவ யாரு வீசுனாங்கன்னு பாக்குறதுக்கு இல்ல. கத்திரி வெயில்ல, அதாவது மே 4ல இருந்து 28 வரைக்கும், காலையில இருந்து அடுப்படியில வெந்துட்டு சாயந்திரம் வர்றவங்க கிட்ட சிரிச்சுப் பேச யாராலயும் முடியாது. நெருப்புக்கிட்ட செய்ற வேலை மட்டும் நம்மளோடதா இருக்கட்டும், மத்தது கடையில இருந்து வரட்டும்.

வாங்கலாம்னா இதெல்லாம் கண்ண மூடிட்டு வாங்கலாம்: பரோட்டா, பன், இஞ்சி பூண்டு விழுது, சிக்கன் மசாலா பாக்கெட், தயிர், பன்னீர், சிப்ஸ், ஐஸ்கிரீம். பரோட்டா மட்டும் பாக்கெட்ல ஃப்ரோசனா வாங்குறதவிட தெருமுனை பரோட்டா கடையில சாயந்திரம் சொல்லி வெச்சு வாங்குறது நல்லது, சால்னா கூடவே வந்துடும், ஹாட்பாக்ஸ்ல துணி விரிச்சு அடுக்கி வெச்சா ரெண்டு மணி நேரம் மெத்துனு இருக்கும். வாங்க வேணாம்னு நான் சொல்றது பாட்டில் புதினா சட்னிய. ஒரு கட்டு புதினா, அரைக் கட்டு கொத்தமல்லி, ரெண்டு பச்சை மிளகா, உப்பு, எலுமிச்சம்பழம் போட்டு மிக்ஸியில ஓட்டி கெட்டித் தயிர்ல கலந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது, அந்த வாசனை எந்த பாட்டில்லயும் கெடைக்காது.

மசாலா தடவியே விக்கிறாங்களே சிக்கன், அத வாங்கினா இன்னும் ஈஸி தானே?

ஈஸிதான், ஆனா நான் வாங்க மாட்டேன். மசாலா, தயிர், எண்ணெய், தண்ணி எல்லாத்தோட எடைக்கும் சேத்து கறி விலைய குடுக்குறீங்க. அது போக மசாலாக்குள்ள இருக்குற கறி எத்தன நாளுதுன்னு பாத்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது.

அதுக்கு பதிலா கறிக்கடைக்காரர்கிட்டயே வேலைய வாங்கிக்கலாம். "ணா, சுடுறதுக்கு வேணும், லெக் பீஸ் முழுசா விட்டு ஆழமா மூணு கீறல் போட்டுக் குடுங்க, மீதிய எலும்பில்லாம சின்னதா போடுங்க"ன்னு சொன்னா போதும், பெரும்பாலும் தனி காசு கூட கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில கடை முன்னாடி நிக்கிற கூட்டத்துல இத சொன்னா கத்தி நிக்காம ஓடிட்டே இருக்கும், காதுல விழாது. சனிக்கிழமை மத்தியானமே சொல்லி வெச்சிடுங்க.

எந்த பீஸ் நல்லா வரும், தலைக்கு எவ்ளோ கணக்கு?

முதல் தடவ சுடுறவங்களுக்கு லெக் பீஸும் தொடையும்தான் பாதுகாப்பு. கொஞ்சம் கூட நேரம் நெருப்புல இருந்தாலும் வறண்டு போகாது. நெஞ்சுக்கறி வெந்தப்புறம் ரெண்டு நிமிஷம் கூட இருந்தா சக்கைதான். எலும்போட 200ல இருந்து 250 கிராம், எலும்பில்லாம 150 கிராம், இது ஒருத்தருக்கு. பரோட்டா, சோளம் எல்லாம் இருக்குறதால இது தாராளம்.

உயிர்க்கோழியா எடை போட்டு வாங்குறீங்கன்னா உரிச்சு சுத்தம் பண்ணதும் ரெண்டு கிலோ கோழி ஒண்ணே கால், ஒண்ணரைக்கு நடுவுலதான் நிக்கும், கடையில சொல்ற விலை உயிர் விலையா கறி விலையான்னு கேட்டுட்டு வாங்குங்க. காடை கெடைச்சா விடாதீங்க, ஆளுக்கொண்ணு, நடுவுல பொளந்து விரிச்சா தட்டையா நெருப்பு மேல உக்காரும், சீக்கிரம் வெந்துடும், பிள்ளைங்களுக்கு தனக்குன்னு ஒரு முழுக் கோழி கெடைச்ச சந்தோஷம். மட்டன் இந்த பட்ஜெட்டுக்கும் ஒத்து வராது, நேரத்துக்கும் ஒத்து வராது.

சிக்கன் 65 மசாலா பாக்கெட் மட்டும் போட்டா போதுமா? வேற என்ன சேக்கணும்?

ஒரு கிலோவுக்கு பாக்கெட் மசாலா அதுல போட்ட அளவு, இஞ்சி பூண்டு விழுது ஒரு பெரிய கரண்டி, கெட்டித் தயிர் ஒரு சின்ன கிண்ணம், நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி. தயிருக்கு கடலூர்க்காரங்க ஆவின், பாண்டிக்காரங்க பாண்லே, எது பக்கத்துல இருக்கோ அது. முக்கியமா உப்ப கையில எடுக்குறதுக்கு முன்னாடி பாக்கெட்ட திருப்பிப் படிங்க, பெரும்பாலான மசாலாவுலயும் விழுதுலயும் உப்பு ஏற்கனவே இருக்கு. ஒரு துண்டு மட்டும் தோசைக்கல்லுல போட்டு வேகவெச்சு ருசி பாத்துட்டு உப்பு சேருங்க, பச்சையா நக்கிப் பாக்காதீங்க.

நாலு மணி நேரம் ஊறணும், முந்தின நாள் ராத்திரியே போட்டா இன்னும் நல்லது, ஆனா ஃப்ரிட்ஜுக்குள்ளதான். இந்த வெயில்ல அடுப்பு மேடையில மூடி வெச்சு ஊற வைக்கிறது கூடவே கூடாது. எலுமிச்சம்பழத்த ஊற வைக்கிறப்போ பிழியாம சாப்பிடுறப்போ பிழிஞ்சுக்கலாம், ராத்திரி பூரா புளிப்புல கெடந்தா கறி மேல்பக்கம் மாவா போயிடும்.

எங்ககிட்ட கிரில் அடுப்பே இல்லையே?

வேணாம். நாலு பக்கமும் செங்கல், நடுவுல கரி, மேல ஒரு எவர்சில்வர் கம்பித் தட்டு. பழைய இரும்பு வாணலி இல்ல சிமெண்ட் சட்டி, அதான் கொத்தனார் கலவை தூக்குற இரும்பு பாண்டு, அதுலயும் கரிய போட்டு மேல தட்ட வைக்கலாம். கேக் ஆற வைக்கிற கம்பித் தட்டு, ஓவன் தட்டு ரெண்டும் சரியா உக்காரும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ஹார்டுவேர் கடையில கோழிக்கூண்டுக்கு விக்கிற வெள்ளையா பளபளன்னு இருக்குற கம்பி வலைய வாங்கி நெருப்பு மேல போடுற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு. அதுல துத்தநாகம் பூசியிருப்பாங்க, கடுமையா சூடானா வர்ற புகை உடம்புக்கு கெடுதி. காசு மிச்சம் பிடிக்க வேற எத்தனையோ இடம் இருக்கு.

கறி கம்பித் தட்டுல ஒட்டிக்குதுன்னு சொல்றவங்களுக்கு: பெரிய வெங்காயத்த பாதியா வெட்டி, முள்கரண்டில குத்தி, எண்ணெயில தொட்டு, தட்டு நல்லா காஞ்சப்புறம் வெட்டின பக்கத்தால அழுத்தித் தேய்ங்க. தோசைக்கல்லுக்கு செய்றதுதான். சர்ருன்னு சத்தம் வரணும், கருப்பு எல்லாம் வெங்காயத்துல ஏறி வந்துடும், அப்புறம் கறிய வெச்சா ரெண்டு நிமிஷத்துல தானா விட்டுக்கும். விட்டுக்கலன்னா இன்னும் வேகலன்னு அர்த்தம், பிடிச்சு இழுக்காதீங்க.

கரி எங்க கெடைக்கும்? சூப்பர் மார்க்கெட்ல பாத்தா அநியாய விலை சொல்றாங்க.

உங்க தெரு இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட எங்க கரி வாங்குறீங்கன்னு கேளுங்க. அவ்ளோதான். அவர் வாங்குற கடையில கிலோ கணக்குல கெடைக்கும், பாண்டி பெரிய மார்க்கெட் பக்கமும் கடலூர் முதுநகர்லயும் கேட்டா வழி காட்டுவாங்க. கடலூர்ல இருந்து மரக்காணம் வரைக்கும் கடலோரம் பூரா சவுக்குத் தோப்புதான், அந்தக் கட்டைக்கரி இறுக்கமா இருக்கும், நின்னு எரியும். கொட்டாங்குச்சிக் கரியும் அருமையா இருக்கும்.

பத்து பேருக்கு ரெண்டு, ரெண்டரை கிலோ. கையில எடுத்தா ஈரம் இல்லாம, தட்டுனா கணீர்னு இருக்கணும். ஈரக் கரிய வாங்குனா சாயந்திரம் பூரா புகைதான், வாங்கி வந்ததும் ஒரு நாள் வெயில்ல கொட்டி வெச்சிடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு வேற வேலை என்ன.

ஒரு மணி நேரமா விசிறிக்கிட்டே இருக்கோம், பத்தவே மாட்டேங்குது. கொஞ்சம் பெட்ரோல் ஊத்தலாமா?

பெட்ரோலும் வேணாம், மண்ணெண்ணெயும் வேணாம், சானிடைசரும் வேணாம். பெட்ரோல் ஆவி குப்புனு முகத்துக்கு வரும், கண்ணுக்கு முன்னாடி பிள்ளைங்க நிக்கிற எடம் அது. கொட்டாங்குச்சி நாலு, அதுக்குள்ள தேங்கா நாரு, நாலு வில்லை கற்பூரம், அதுக்கு மேல கூம்பா கரிய அடுக்கி கீழ பத்த வைங்க. கீழ காத்து போக வழி விட்டு ரெண்டு செங்கல்ல கொஞ்சம் தள்ளி வைங்க, விசிறவே தேவையில்ல.

இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். தீ ஜுவாலை அடங்கி கரி மேல சாம்பல் பூத்தாப்ல வந்தப்புறம்தான் கறிய வைக்கணும், நெறைய பேர் அவசரப்பட்டு எரியுற தீயில வெச்சிட்டு மேல கருகிடுச்சு உள்ள வேகலன்னு சொல்றாங்க. கரிய ஒரு பக்கமா ஒதுக்கி இன்னொரு பக்கம் கொஞ்சமா வைங்க, சூடு ஜாஸ்தி பக்கம் நிறம் வர, கம்மி பக்கம் உள்ள வேக.

நம்ம ஊர்ல மீனுக்கா பஞ்சம்? மீன் சுட்டா இன்னும் மலிவா முடியாதா?

மத்த மாசத்துல கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரை பூரா மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, பாண்டிக்கும் இதே கணக்குதான். மீன் முட்டை போட்டு பெருகுற காலம்னு விடுறாங்க. நாட்டுப்படகு, ஃபைபர் படகு மட்டும் கரைக்குப் பக்கமா போய்ட்டு வரும். அதனால வஞ்சிரம் விலைய கேட்டாலே தலை சுத்தும், துறைமுகத்துல ஐஸ்ல வெச்ச வெளியூர் மீனும் கலந்து இருக்கும்.

அந்த நேரத்துல ஃபைபர் படகுல வர்ற கானாங்கத்தை, கவலை மீன் கெடைச்சா அதுதான் சரியான தேர்வு. விலையும் கம்மி, மீன்லயே எண்ணெய் இருக்குறதால நெருப்புல காயாது. மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு, புளித்தண்ணி தடவி வாட்டுன வாழையிலையில மடிச்சு வைங்க, ஒட்டாது உடையாது. இல்லன்னா பண்ணை இறால் இருக்கு, குளத்துல வளக்குறதால தடைக்காலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, குச்சியில கோத்து பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் காட்டினா போதும். மூங்கில் குச்சிய அரை மணி நேரம் தண்ணியில ஊறப் போடணும், இல்லன்னா இறாலுக்கு முன்னாடி குச்சி எரிஞ்சிடும்.

சைவக்காரங்க நாலு பேர் வர்றாங்க. அதே அடுப்புலயே சுட்டுக் குடுத்தா சாப்பிடுவாங்களா?

மாட்டாங்க, நாமளும் அப்படி குடுக்கக் கூடாது. ரெண்டாவதா ஒரு கம்பித் தட்டும் ஒரு இடுக்கியும் தனியா வாங்கி வைங்க, நெருப்பு ஒண்ணா இருந்தாலும் சைவத்த முதல்ல சுட்டு எடுத்துடுங்க. முடிஞ்சா ஒரு சின்ன மண் அடுப்பு தனியாவே போட்டுடுங்க, கேட்டாங்கன்னா தைரியமா கை காட்டலாம்.

என்ன சுடலாம்னா பன்னீர், காளான், குடைமிளகா, சின்ன உருளைக்கிழங்கு (இத முன்னாடியே அவிச்சிடுங்க), சர்க்கரவள்ளி, அன்னாசி, சோளம். மேல சொன்ன மசாலாவே பன்னீருக்கும் போதும், அரை மணி நேரம் ஊறினா சரி. பன்னீருக்கு சிக்கன் மசாலா பாக்கெட் போடுறது சிலருக்கு மனசு ஒப்பாது, அதுல கறி எதுவும் இல்ல, பச்சைப் புள்ளி இருக்கும், ஆனாலும் அவங்க பாக்குறப்போ பேர் இல்லாத டப்பாவுல இருந்து எடுக்காம தந்தூரி மசாலான்னு வேற பாக்கெட் வாங்கிடுங்க.

இன்னொண்ணு, தேதி வைக்கிறப்பவே காலண்டர பாருங்க. அமாவாசை, கிருத்திகை, தெருவுல மாரியம்மனுக்கு காப்பு கட்டியிருக்குற நாள், இதுல கூப்பிட்டா பாதி பேர் வந்து தண்ணிய குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க.

ஃப்ரோசன் கபாப், நக்கெட்ஸ் எல்லாம் கரியில சுடலாமா?

பாக்கெட் பின்னாடி பாருங்க. முழுசா வெந்ததா, பாதி வெந்ததா, பச்சையான்னு போட்டிருக்கும். வெந்த கபாப்ப கம்மி சூட்டுப் பக்கம் வெச்சு உள்ள வரைக்கும் கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணா போதும். பிரெட்தூள் ஒட்டுன நக்கெட்ஸ் கம்பித் தட்டுல உதிரும், அது எண்ணெய்க்குத்தான் லாயக்கு. உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் அப்படித்தான்.

விலை கணக்கு பாத்தா கபாப் நல்ல சிக்கனவிட கூடத்தான் வரும். பிள்ளைங்களுக்குன்னு ஒரு பாக்கெட் போதும்.

எதை எந்த நாள் வாங்கணும்? கடைசி நாள் ஓடி ஓடியே களைச்சுப் போறேன்.

மசாலா, கரி, எண்ணெய், தட்டு, குச்சி, சிப்ஸ் எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே வாங்கலாம். காய், பன்னீர், தயிர், சிக்கன் முந்தின நாள் சாயந்திரம், சிக்கன் வந்ததும் மசாலா தடவி உள்ள போயிடணும். அன்னிக்கு சாயந்திரம் வாங்க வேண்டியது பரோட்டாவும் ஐஸும் மட்டும்தான்.

பாண்டில பெரிய கடையில வாங்கி கடலூருக்கு பஸ்ல வர்றவங்க ஃப்ரோசன் சாமான கடைசியா கூடையில போட்டு, நாலு சுத்து நியூஸ்பேப்பர்ல சுத்தி, தெர்மாகோல் டப்பாவுல வெச்சு நேரா வீட்டுக்கு வாங்க. இருபத்திரெண்டு, இருபத்திமூணு கிலோமீட்டர்தான், ஆனா மே மாசம் மத்தியானம் பஸ்ஸு நின்னு நின்னு வர்றப்போ உருகிடும். உருகுனத திரும்ப ஃப்ரீசர்ல போட்டு உறைய வைக்காதீங்க, அன்னிக்கே சமைச்சிடுங்க.

வெந்துடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? மேல நல்லா செவந்திருக்கு, உள்ள பயமா இருக்கு.

சிக்கனுக்கு நிறம் ஒரு அடையாளமே இல்ல, மசாலா நிறமே செவப்புதான். எலும்பில்லாத சின்னத் துண்டு பத்து பன்னெண்டு நிமிஷம், பொளந்த காடை பதினஞ்சுல இருந்து இருபது, கீறல் போட்ட லெக் பீஸ் முப்பதுல இருந்து முப்பத்தஞ்சு நிமிஷம், திருப்பித் திருப்பி. இருக்குறதுலயே பெரிய பீஸ எடுத்து எலும்பு ஓரமா கத்தி விட்டுப் பாருங்க, வர்ற சாறு தெளிவா இருக்கணும், கறி ரோஸ் நிறத்துல வழவழன்னு இருந்தா திரும்ப வைங்க. சமையல் தெர்மாமீட்டர் இருந்தா சந்தேகமே இல்ல, கனமான இடத்துல 74 டிகிரி செல்சியஸ் காட்டணும்.

பச்சைக் கறி வெச்ச தட்டுலயே வெந்த கறிய எடுத்து வைக்கிறது எல்லா விருந்துலயும் நடக்குது. ரெண்டாவது தட்ட முன்னாடியே அடுப்புக்கிட்ட கொண்டு வந்து வெச்சிடுங்க. ஊறின மசாலா மிச்சத்த மேல தடவுறதா இருந்தா ஆரம்பத்துல மட்டும். தக்காளி சாஸ், பார்பிக்யூ சாஸ் மாதிரி சக்கரை இருக்குறத கடைசி அஞ்சு நிமிஷத்துல தடவுங்க, முன்னாடியே தடவுனா கரிஞ்சு கசக்கும்.

அப்போ காலையிலயே குக்கர்ல பாதி வேக வெச்சுட்டா சாயந்திரம் ஈஸியா சுட்டுடலாமே?

பாதி வேக வெச்சு மணிக்கணக்கா வைக்கிறதுதான் இருக்குறதுலயே மோசமான வழி. உள்ள கிருமி சாகுற அளவுக்கு சூடு போயிருக்காது, வளர்றதுக்கு தோதான வெதுவெதுப்பு மட்டும் இருக்கும். வேக வெச்ச கையோட நேரா நெருப்புக்குப் போகுதுன்னா பரவால்ல, அத தாராளமா செய்யலாம், கரி தயாராகுற இருபது நிமிஷத்துல கீழ ஒரு விசில் விட்டு எடுத்துட்டு வாங்க. இல்லன்னா காலையில முழுசாவே வேக வெச்சு, ஆற விட்டு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சு, சாயந்திரம் நெருப்புல உள்ள வரைக்கும் நல்லா சூடு ஏத்துங்க.

மயோனைஸ் வேணும்னு பசங்க அடம் பிடிக்கிறாங்க. வீட்லயே செய்யலாமா?

பச்சை முட்டை போட்டு செய்யாதீங்க. தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்கு பச்சை முட்டை மயோனைஸ் செஞ்சு விக்க தடை போட்டாங்க, அவ்ளோ பேருக்கு வயிறு கெட்டுச்சு. முட்டை இல்லாத மயோனைஸ் சின்ன பாட்டிலா வாங்கி, சாப்பிட உக்காந்தப்புறம் கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைங்க, பாட்டில் ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். அதுல பாதிக்குப் பாதி தயிரும் நசுக்குன பூண்டும் கலந்தா எனக்கு இன்னும் பிடிக்கும்.

குடிக்க, இனிப்புக்கு என்ன? தட்டு டம்ளர் எல்லாம்?

கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ரெண்டு வாங்குற காசுல நன்னாரி சர்பத் பாட்டில் ஒண்ணு வாங்குனா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு எல்லாருக்கும் ரெண்டு சுத்து குடுக்கலாம். மோர் பாக்கெட் ஒரு பத்து. இனிப்புக்கு தனியா எதுவும் செய்யவே தேவையில்ல, சீசன்ல பண்ருட்டி பலாச்சுளையும் திண்டிவனம் பக்கத்து தர்பூசணியும் இருக்குறப்போ கேக் எதுக்கு? ரோட்டோரம் வெட்டி வெச்சத வாங்காம முழுப் பழமா வாங்கி வீட்ல வெட்டுங்க. மீன் ஐஸ் மலிவா கெடைக்குதேன்னு வாங்குறவங்க அத பாட்டில் வெளிய குளுமைக்கு மட்டும் வைங்க, டம்ளருக்குள்ள போடக் கூடாது, அது குடிக்கிற தண்ணியில செஞ்சதா இருக்காது.

தட்டுக்கு வாழையிலை, இல்லன்னா பாக்குமட்டை. பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் தடவுன பேப்பர் கப்பு எல்லாம் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்தே தடை. டம்ளர் பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிக்கோங்க, அவங்களையும் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி ஆச்சு, புகை வருதுன்னு சண்டையும் வராது.

நாங்க அபார்ட்மெண்ட்ல இருக்கோம். பால்கனில வெச்சு சுடலாமா?

கூடாது. கரி எரியுறப்போ வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கெடையாது நிறமும் கெடையாது, மூடுன இடத்துல ஆளையே சாய்ச்சிடும். மழை வந்துடுச்சுன்னு அடுப்ப தூக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றதும் இதே ஆபத்துதான். மாடின்னா அசோசியேஷன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, தரையில மணல் கொட்டி அதுமேல செங்கல் வெச்சு அடுப்பு போடுங்க, நேரா வெச்சா தளஓடு வெடிச்சிடும். தண்ணி டேங்க், கேபிள் ஒயரு, கீத்துக் கொட்டகை எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. நம்ம பக்கம் சாயந்திரக் காத்து கடல்ல இருந்து வரும், அதனால ஆளுங்க கெழக்குப் பக்கமும் அடுப்பு மேற்குப் பக்கமும் இருந்தா புகை யார் கண்லயும் ஏறாது. ஒரு பக்கெட் தண்ணியும் மணலும் கைக்கெட்டுற தூரத்துல.

மாடியே இல்லைன்னா கேஸ் அடுப்புல கனமான தோசைக்கல்லு. எல்லாம் வெந்தப்புறம் பாத்திரத்துல போட்டு, நடுவுல ஒரு சின்ன கிண்ணத்துல கனகனன்னு இருக்குற ஒரே ஒரு கரித்துண்டு, அதுமேல அரை ஸ்பூன் நெய், உடனே மூடி அஞ்சு நிமிஷம். சுட்ட வாசனை அப்படியே ஏறிடும்.

சில்வர் பீச்சுலயே அடுப்பு போட்டா ஜாலியா இருக்குமே?

வேணாம்ங்க. தேவனாம்பட்டினத்துல சாயந்திரம் நிக்க இடம் இருக்காது, காத்துக்கு நெருப்புப் பொறி பறக்கும். முடிஞ்சப்புறம் மணல்ல மூடிட்டு வர்ற கரி மணிக்கணக்கா உள்ளுக்குள்ள கனன்னுட்டே இருக்கும், மறுபடி அந்த வழியா வெறுங்காலோட ஓடி வர்ற பிள்ளை மிதிச்சா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அது போக ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நம்ம கரையில பங்குனி ஆமை முட்டை போட வரும், குஞ்சுங்க வெளிச்சத்த பாத்து கடல்னு நெனச்சு நெருப்புப் பக்கம் வந்துடும். மாடியில சுட்டு, பரோட்டாவுல சுருட்டி, டிபன் கேரியர்ல எடுத்துட்டுப் போய் பீச்சுல சாப்பிடுங்க.

பாண்டில இருந்து ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரட்டுமான்னு மச்சான் கேக்குறாரு?

வேணாம்னு சொல்லிடுங்க. ஆல்பேட்டை செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திப் பாப்பாங்க, பாண்டி சரக்கு மாட்டுனா கேஸும் வண்டியும் அவரோட தலையில. நெருப்புக்குப் பக்கத்துல நிக்கிறவர் தெளிவா இருக்கணும்னு நான் எப்பவும் சொல்றேன், அது பாண்டில நடக்குற விருந்துக்கும் பொருந்தும்.

மிச்சம் ஆனத அடுத்த நாள் சாப்பிடலாமா? மிச்சக் கரிய என்ன பண்றது?

சாப்பாடு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம்தான். நம்ம மே மாசத்து சாயந்திரம் பெரும்பாலும் ரெண்டாவது கணக்குலதான் வரும். அதனால எல்லாத்தையும் ஒரே தடவ சுட்டு அடுக்காம, சாப்பிடச் சாப்பிட சுடுங்க, மீதி பச்சைக் கறி ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். சுடாத கறி மிச்சம் இருந்தா அடுத்த நாள் குழம்பு வைக்கலாம். சுட்டது நேரத்தோட ஃப்ரிட்ஜுக்குப் போயிருந்தா மறுநாள் பிச்சுப் போட்டு முட்டையோட கொத்துபரோட்டா போடுங்க, மாடியிலயே கெடந்தது எவ்ளோ இருந்தாலும் கொட்டிடுங்க.

கரிய இரும்பு சட்டியிலயே தண்ணி தெளிச்சு, கிளறி, மறுபடி தெளிச்சு, கை வெச்சா சூடே தெரியாத அளவுக்கு அணைங்க. வெளிய சாம்பலா தெரிஞ்சாலும் உள்ள கங்கு இருக்கும், அத பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில கொட்டி தொட்டியே எரிஞ்ச வீடு நம்ம தெருவுலயே இருக்கு. முழுசா எரியாத துண்டுங்கள வெயில்ல காய வெச்சு சாக்குல போட்டு வைங்க, அடுத்த தடவ அரை கிலோ கம்மியா வாங்கினா போதும்.